வடசென்னையில் காரில் ஒரு சின்னப் பயணம்: வழியும் பெட்ரோல் செலவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு கார் ஓட்டுபவன் என்பதால், அக்கம்பக்கத்தில் யாராவது குடும்பத்தோடு எங்காவது கிளம்பினால் முதல் நாள் இரவு எனக்கு ஒரு போன் வரும். "எந்தப் பக்கம் போனால் நல்லது? எவ்வளவுக்குப் பெட்ரோல் போடலாம்?" இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இருபது, முப்பது கிலோமீட்டர் போவதற்குத் திட்டம் எதற்கு?

தூரத்துக்காக இல்லை, நிற்கிற நேரத்துக்காகத்தான். நம் பக்கம் வண்டி ஓடுவதற்கு ஆகும் பெட்ரோலைவிட, நிற்பதற்கு ஆகும் பெட்ரோல்தான் கணக்கைக் கெடுக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை, கொருக்குப்பேட்டைப் பக்கத்து ரயில்வே கேட், மூலக்கடை சிக்னல், மழை வந்தால் சுரங்கப்பாதை என்று நிற்க வைக்கும் இடங்கள் ஏராளம். திண்டிவனம் வரை போகிறவர் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதும். திருவொற்றியூர் வரை போகிறவர் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

மொத்தத் தூரத்தை உங்கள் வண்டியின் மைலேஜால் வகுத்து, வருவதை ஒரு லிட்டர் விலையால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை தினமும் காலை 6 மணிக்கு மாறக்கூடியது. 2017 ஜூன் மாதத்திலிருந்து இந்த முறைதான். ஆனால் நம் கணக்குக்குக் காசு வித்தியாசம் பெரிதாக உதைக்காது.

இதைவிட எளிதாக ஒன்று செய்யலாம். ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் 101-ஐ 14-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 7 ரூபாய் 20 காசு. அப்புறம் எந்த ஊரைச் சொன்னாலும் வாய்க்கணக்காகவே செலவு வந்துவிடும்.

என் காரின் உண்மையான மைலேஜ் எனக்கே தெரியாதே?

ஷோரூமில் சொன்ன எண்ணை மறந்துவிடுங்கள். அது சோதனைக் கூடத்தில் அளந்தது. டேஷ்போர்டு காட்டும் எண்ணும் பல வண்டிகளில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். நம்பகமான வழி பழைய வழிதான்: ஃபுல் டேங்க் போட்டு அளப்பது.

என் வண்டியின் கிளவ் பாக்ஸில் ஒரு நாற்பது பக்க நோட்டு எப்போதும் கிடக்கும். அதிலிருந்து ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். நாஸில் தானாக 'டக்' என்று நிற்கும் வரை டேங்கை நிரப்பினேன். மீட்டரில் 41,260. வழக்கம்போல ஓட்டினேன். முள் கீழே இறங்கிய பிறகு, அதே பங்க்கில் மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்பினேன். 28 லிட்டர் பிடித்தது. மீட்டரில் 41,652. இடையில் ஓடியது 392 கிலோமீட்டர். 28-ஆல் வகுத்தால் 14. இதை மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் உங்கள் வண்டியின் எண் கிடைத்துவிடும். நாஸில் நின்ற பிறகு "ரவுண்டா போட்டுடுங்க" என்று மேலே மேலே ஊற்றச் சொல்லாதீர்கள். கணக்கும் தப்பும், டேங்க்குக்கும் நல்லதல்ல.

ஒரு விஷயம். புழல் தாண்டி நெடுஞ்சாலையில் ஓட்டும்போது அதே வண்டி 18 கொடுக்கலாம். தங்கசாலை, மூலக்கொத்தளம் பக்கம் மாலையில் மாட்டினால் 10 கூட வராது. எனவே இரண்டு எண் வைத்துக்கொள்ளுங்கள்: ஊருக்குள் ஒன்று, வெளியே ஒன்று.

ஒரு முழுப் பயணத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் மூன்று அம்மன்களை ஒரே நாளில் தரிசிப்பது வழக்கம். காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் திருமுல்லைவாயல் கொடியிடை அம்மன். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று பெரியவர்கள் சொல்லும் வரிசை இது. அதனால் வழி நமக்கு வசதியாக அமையாது, தெய்வத்தின் வரிசைப்படிதான் வண்டி போக வேண்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர், மணலி புதுநகர் வழியாக மீஞ்சூருக்கு முன்னால் இருக்கும் மேலூருக்குச் சுமார் 22 கிலோமீட்டர். அங்கிருந்து வந்த வழியே திருவொற்றியூருக்கு 15. திருவொற்றியூரிலிருந்து மணலி, மாதவரம் ரவுண்டானா, ரெட்டேரி, பாடி, அம்பத்தூர் ஓ.டி. வழியாகத் திருமுல்லைவாயலுக்கு 26. அங்கிருந்து பாடி, பெரம்பூர், வியாசர்பாடி வழியாக வீட்டுக்கு 22. ஆக மொத்தம் 85 கிலோமீட்டர்.

மைலேஜ் 14 என்றால் 6 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், சுமார் 613 ரூபாய். ஆனால் அன்றைக்கு ஊரே அந்த மூன்று கோயிலுக்கும் போகும். நான் 12 என்று வைத்துத்தான் கணக்குப் போடுவேன்: 7 லிட்டர், 715 ரூபாய். அந்த நூறு ரூபாய் வித்தியாசம் முழுவதும் நிற்கிற நேரத்துக்கான கூலி.

அம்மாவை அழைத்துக்கொண்டு முதல் தடவை போனபோது காலை எட்டரைக்குக் கிளம்பினேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் திரும்பும் இடத்திலேயே லாரிக்குப் பின்னால் லாரி. அம்மா மடியில் வைத்திருந்த பூக்கூடையின் ஈரத்துணி காய்ந்தே போனது. மேலூருக்குப் போய்ச் சேரும்போது வரிசை தெருவுக்கு வந்திருந்தது. அடுத்த முறை ஐந்தே காலுக்கு வண்டியை எடுத்தோம். ஆறு மணிக்கெல்லாம் கோயில் வாசல். திரும்பி வரும் வழியில் திருவொற்றியூர்ப் பக்கம் நிறுத்தி டிபன் சாப்பிடக்கூட நேரம் இருந்தது. அந்த இரண்டு பயணத்துக்கும் நோட்டில் எழுதியதைப் பார்த்தால் தூரம் ஒன்றுதான், பெட்ரோல் மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் வித்தியாசம்.

வரிசை முக்கியமில்லை என்பவர்கள் மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து நெமிலிச்சேரி போய்த் திருமுல்லைவாயலுக்கு வரலாம். தூரம் கூடும், டோல் உண்டு, ஆனால் சிக்னல் தொல்லை கிடையாது. கோயில்களின் நடை திறக்கும், சாத்தும் நேரத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

குறுக்கு வழியா, சுற்று வழியா? எதில் பெட்ரோல் மிச்சம்?

சிறிய பெட்ரோல் கார் ஏசியோடு ஒரு மணி நேரம் நின்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஏசி இல்லாமல் அரை லிட்டருக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் என்பது 14 கிலோமீட்டர் ஓட்டம். அப்படியானால் பத்து நிமிடம் நிற்பதும் இரண்டு கிலோமீட்டர் ஓடுவதும் செலவில் ஒன்றுதான்.

இதை வைத்தே நான் வழியை முடிவு செய்கிறேன். குறுக்கு வழியில் இருபது நிமிடம் நிற்க வேண்டியிருந்தால், நான்கு கிலோமீட்டர் வரை சுற்றிப் போனாலும் நஷ்டமில்லை. ஐந்து நிமிட நெரிசலுக்குப் பயந்து ஆறு கிலோமீட்டர் சுற்றினால் அது நஷ்டம். கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலிப்பதையும் சேர்த்துப் பார்த்தால் சுற்று வழிக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு கூடும்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போக எந்தச் சாலை நல்லது?

டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலை, காலை ஏழரை மணி வரை நன்றாகப் போகும். அதன் பிறகு பஸ், ஆட்டோ, பள்ளி வேன், கடைக்கு முன்னால் நிறுத்திய வண்டிகள் என்று சுருங்கிவிடும். மாசித் திருவிழாவில் தேர் ஓடும் நாளில் தேரடிப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

காசிமேட்டிலிருந்து கடலோரமாகப் போகும் எண்ணூர் விரைவுச் சாலை பார்க்க அகலமாக இருக்கும். கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல் ஒரு பக்கம், காற்று, வெளிச்சம், எல்லாம் உண்டு. ஆனால் துறைமுக ஜீரோ கேட்டுக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் தேங்கினால் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளும். வரிசை இடது பக்கம் ஒழுங்காக நின்றால் கார் போய்விடும். இரண்டாவது வரிசை சேர்ந்துவிட்டால் நடுவில் சிக்கிக்கொண்டு திரும்பவும் முடியாது. டிரெய்லருக்குப் பக்கவாட்டில் ஒட்டி நிற்காதீர்கள்; திரும்பும்போது அதன் பின்பகுதி உள்ளே வாங்கிக்கொண்டு வரும், ஓட்டுநருக்கு உங்கள் கார் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேடு மீன் வாங்க வருபவர்களால் நிரம்பியிருக்கும். மீன் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் விடிவதற்கு முன் போய்விடுங்கள்.

மூன்றாவது மணலி வழி. அகலம் அதிகம், சிக்னல் குறைவு. ஆனால் சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் இரும்பு மார்க்கெட்டுக்கும் போகும் கனரக வண்டிகள் எல்லாம் அங்கேதான். இரவில் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் டேங்கர்களைக் கவனித்து ஓட்ட வேண்டும். பகல் பதினொன்று முதல் மூன்று வரை என்றால் நான் மணலி வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ரயில்வே கேட் போட்டுவிட்டால் எஞ்சினை அணைக்கலாமா?

அணைக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்ய மிகக் கொஞ்சமே ஆகிறது. அரை நிமிடத்துக்கு மேல் நிற்போம் என்று தெரிந்தாலே அணைப்பது லாபம்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு மதியம் கேட்டில் நின்றேன். முதலில் ஒரு கூட்ஸ், டேங்கர் டேங்கராக ஊர்ந்தது. அது போனதும் கேட் திறக்கும் என்று எல்லோரும் ஆக்சிலேட்டரை உறுமவிட்டார்கள். திறக்கவில்லை. எதிர்த்திசையில் கும்மிடிப்பூண்டி லோக்கல். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் முதலிலேயே சாவியைத் திருகிவிட்டு இறங்கி, "அண்ணே, இன்னும் ஒண்ணு வரும், அணைச்சிடுங்க" என்றார். எந்த நேரத்துக்கு எத்தனை வண்டி என்பது அவருக்கு அத்துப்படி. அன்றிலிருந்து கேட்டில் நிற்கும்போது முன்னால் இருக்கும் ஆட்டோவைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்கிறேன். மீஞ்சூர்ப் பகுதிக் கேட்டுகளிலும் இதே கதைதான். அந்தத் தடத்தில் புறநகர் ரயிலும் சரக்கு ரயிலும் மாறி மாறி வரும்.

கூகுள் மேப் இருக்கும்போது இதெல்லாம் தேவையா?

மேப் அவசியம் பாருங்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஒரு முறை, வண்டியில் உட்கார்ந்த பிறகு ஒரு முறை. ஆனால் மூன்று விஷயத்தில் அதை அப்படியே நம்ப வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டையில் பைக் போகிற சந்துக்குள் காரை அனுப்பிவிடும். கேட் மூடியிருப்பது அதற்கு உடனே தெரியாது. மெட்ரோ பணிக்காக மூலக்கடை, பெரம்பூர், மாதவரம் பக்கம் மாற்றிவிடும் திருப்பங்கள் சில நாள் கழித்துத்தான் அதில் ஏறும். சந்தேகம் வந்தால் கண்ணாடியை இறக்கி டீக்கடையில் கேளுங்கள்.

மழைக்காலத்தில்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை செலவுக் கணக்கைவிட வழிதான் முக்கியம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையும் பெரம்பூர் சுரங்கப்பாதையும் பெருமழையில் நிரம்பியதை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம். கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பினால் வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் ஏறும். புழல் ஏரியில் உபரி நீரைத் திறந்துவிட்டால் வடபெரும்பாக்கம் பக்கத்துச் சாலை துண்டிக்கப்படலாம். செங்குன்றம் போகிறவர்கள் அன்றைக்குச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று போகும் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால், சாவியைத் திருகிய ஒரு நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மிச்சம் பிடித்த பெட்ரோலை எல்லாம் சேர்த்தாலும் அந்த மெக்கானிக் பில்லுக்குப் பக்கத்தில் வராது. இறங்கித் தள்ளிக் கரையேற்றுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதா?

கொஞ்சம் குறையும். இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்ப வடிவமைத்த புதிய வண்டிகளில் வித்தியாசம் சிறிது, பழைய வண்டிகளில் கூடுதல். நான்கு வருடம் முன்பு 15 கொடுத்த வண்டி இப்போது 14 கொடுத்தால் பதற வேண்டாம். அதற்கு முன் டயரில் காற்று பாருங்கள். காற்று குறைந்த டயரும் பெட்ரோலைத் தின்னும், அதைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை.

பங்க்கில் அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இறங்கி நின்று மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் போடச் சொல்ல வேண்டும். ஒரு முறை நான் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டிவிட்டேன். முந்தைய பைக்குக்குப் போட்ட 200 ரூபாயிலிருந்தே எனக்கு ஓடத் தொடங்கியது. சொன்னதும் சரிசெய்தார்கள், ஆனால் பார்க்காமல் இருந்திருந்தால் போனதுதான்.

எல்லா பங்க்கிலும் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அதில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பது வெறும் பேச்சு. பெட்ரோல் பூமிக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து வருகிறது, அங்கே வெப்பம் பெரிதாக மாறுவதில்லை.

ஏசி போடாமல் ஓட்டினால் நிறைய மிச்சமா?

நிற்கும்போது வித்தியாசம் தெரியும், ஓடும்போது அவ்வளவு இல்லை. மணலியிலும் எண்ணூரிலும் புகைக்குள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். ஏசியைப் போடுங்கள்.

சிறுவாபுரி போனால் டோல் எவ்வளவு சேரும்?

சொந்த வீடு அமைய வேண்டும் என்று ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் நம் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். மூலக்கடை, மாதவரம், புழல், செங்குன்றம் வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் நல்லூர் சுங்கச்சாவடி வரும். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரண்டு வழிக்கும் சேர்த்து ஒரு வழிக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குதான் ஃபாஸ்டேகில் எடுப்பார்கள். ஆறு வாரம் போவதானால் இதை ஆறால் பெருக்கி முன்கூட்டியே பணம் போட்டு வையுங்கள். டேகில் பணம் இல்லாமல் போனால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலைகளில் அடிக்கடி போகிற தனிப்பட்ட கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு பாஸ் இருக்கிறது; அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஆறு வாரத்துக்காக மட்டும் அதை வாங்கத் தேவையில்லை.

திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பஞ்செட்டியில் நெடுஞ்சாலையைத் தொடலாம். அந்தச் சாவடி வராது. விடிகாலையில் நல்ல வழி. ஒன்பது மணிக்கு மேல் டோலில் மிச்சம் பிடித்ததை லாரிக்குப் பின்னால் நின்று செலவழித்துவிடுவீர்கள்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: புதுவண்ணாரப்பேட்டைக்கு அடுத்து வரும் 'டோல்கேட்' என்பது இடத்தின் பெயர். அங்கே யாரும் பணம் வாங்குவதில்லை.

சிஎன்ஜி, மின்சார வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

முறை அதேதான், அலகுதான் வேறு. சிஎன்ஜியை லிட்டரில் அல்ல, கிலோவில் கணக்கிட வேண்டும். பங்க்கில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரக் காருக்கு யூனிட்டுக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் என்று வைத்தால், மேலே சொன்ன 85 கிலோமீட்டருக்கு 11 முதல் 14 யூனிட் வரை ஆகும். அதில் கேட்டில் நிற்பதற்கு ஏசி தவிர வேறு செலவே இல்லை. நம் ஊர்ப் போக்குவரத்துக்கு அது பொருத்தமான வண்டி என்பது என் எண்ணம்.

காரையே எடுக்காமல் போனால்?

ஒருவரோ இருவரோ என்றால் நான் அதைத்தான் சொல்வேன். 2021 பிப்ரவரி 14 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. வடிவுடை அம்மனைப் பார்க்கத் தேரடி நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும், பார்க்கிங் தேடும் வேலை மிச்சம். தீபாவளி, பொங்கல் நேரத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கக் கார் வேண்டவே வேண்டாம். நான்கைந்து பேர், அதில் முட்டிவலி உள்ள ஒரு பெரியவர், ஒரு கைக்குழந்தை என்றால் காரே சரி.

சொந்தக்காரர்களோடு போகும்போது செலவைப் பகிர்ந்து கேட்பது எப்படி?

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. கிளம்பும்போதே "பெட்ரோல் என்னுடையது, டிபனும் அர்ச்சனையும் உங்களுடையது" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடுவேன். மூன்று அம்மன் பயணத்தில் ஐந்து பேருக்குக் காலை டிபன், தேங்காய், பூ, பழம் எல்லாம் சேர்த்தால் பெட்ரோல் காசுக்கு ஏறக்குறைய சமமாக வந்துவிடும். திரும்பி வந்து கணக்குப் பார்க்கும் சங்கடம் யாருக்கும் இருக்காது. டோல் சில்லறையைச் சித்தி எப்படியும் டேஷ்போர்டில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்.